தொலைநிலைச் செயலி: திரை ஏன் இழுக்கிறது, கதவு எங்கே திறந்திருக்கிறது?

அலுவலக மென்பொருளின் ஐகானை வீட்டு லேப்டாப்பில் அழுத்துகிறோம். வழக்கமான ஜன்னல் திறக்கிறது. ஆனால் அந்த மென்பொருள் லேப்டாப்பில் நிறுவப்படவே இல்லை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் உள்ள சர்வரில் ஓடுகிறது. அங்கே உருவாகும் திரைக்காட்சி மட்டும் இணையம் வழியே இங்கே வருகிறது. நாம் அழுத்தும் விசைகளும் மவுஸ் அசைவுகளும் இங்கிருந்து அங்கே போகின்றன. இதைத்தான் தொலைநிலைச் செயலி வழங்கல் என்கிறார்கள்.

இதைப் பற்றி இரண்டு பேச்சு ஓயாமல் அடிபடுகிறது. பயன்படுத்துபவர்கள் "இழுக்குது, தொங்குது" என்கிறார்கள். செய்திகளோ "ரிமோட் லாகின் வழியாக ரான்சம்வேர் புகுந்தது" என்கின்றன; ரான்சம்வேர் என்பது கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல். நிறுவனங்களில் முதலாவதை ஒரு குழுவும் இரண்டாவதை இன்னொரு குழுவும் கவனிப்பதால், ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அந்த எண்ணம் பெரும்பாலும் தவறு. கேட்வே (வெளியிலிருந்து வருபவர்கள் நுழையும் வாசல்) மெதுவாக இருக்கிறது என்று யாரோ சர்வரின் போர்ட்டை (நெட்வொர்க்கில் எண்ணிட்ட நுழைவழி) இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கிறார்கள். மூன்று முறை கடவுச்சொல் கேட்டால் அதை நோட்பேடில் சேமிக்கிறார்கள். ஓட்டைகளில் பல, எரிச்சலிலிருந்து பிறந்தவை.

முதலில் உறுப்புகள்

இந்த ஏற்பாட்டில் ஐந்து பகுதிகள் உண்டு. பின்னால் வரும் எல்லாக் கோளாறுகளும் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் நிகழ்கின்றன.

1. கிளையன்ட்: நம் கணினியில் உள்ள சிறு நிரல், அல்லது வெறும் பிரவுசர்.
2. கேட்வே: இணையத்தை நோக்கி நிற்கும் வாசல். வழக்கமாக 443-ஆம் போர்ட்டில் இருக்கும்.
3. புரோக்கர்: எந்தப் பயனரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது.
4. செஷன் ஹோஸ்ட்: செயலி உண்மையில் ஓடும் சர்வர்.
5. ப்ரொஃபைல் சேமிப்பகம்: பயனரின் அமைப்புகளும் கோப்புகளும் இருக்கும் இடம்.

செஷன் என்றால், ஒரு பயனருக்காக சர்வரில் திறந்திருக்கும் தனி வேலைச் சூழல். இணைப்பு அறுந்தாலும் செஷன் சாவதில்லை. சர்வரில் அப்படியே காத்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் தேவைப்படும்.

தொழில்நுட்பம் புதிதல்ல. விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பு 1998-லேயே வந்தது. பல பயனர்களை ஒரே விண்டோஸில் அமர்த்தும் அதன் நுட்பம் சிட்ரிக்ஸ் நிறுவனத்திடமிருந்து பெற்றது. முழு டெஸ்க்டாப்புக்குப் பதிலாக ஒரு செயலியின் ஜன்னலை மட்டும் அனுப்பும் ரிமோட்ஆப் வசதி விண்டோஸ் சர்வர் 2008-இல் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் வழியில் ஆர்.டி.பி., சிட்ரிக்ஸ் வழியில் ஐ.சி.ஏ. என்று நெறிமுறைகள் வேறுபட்டாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்.

நெட் வேகமாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் இழுக்கிறது?

வேகச் சோதனைத் தளத்தில் 100 எம்.பி.பி.எஸ். காட்டும், ஆனால் எழுத்து தட்டினால் அரை நொடி கழித்துத்தான் திரையில் வரும். காரணம், இங்கே முக்கியம் அகலம் (நொடிக்கு எவ்வளவு டேட்டா போகும்) அல்ல, தாமதம் (போய்வர எவ்வளவு நேரம் ஆகும்).

முழு எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு காட்சிக்கு சுமார் 6.2 எம்.பி. நொடிக்கு 30 காட்சிகளைச் சுருக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 1.5 ஜி.பி.பி.எஸ். ஆகும். யாரும் அப்படி அனுப்புவதில்லை. மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புவதால், எழுத்து வேலைக்கு இணைய அகலம் பொதுவாகப் பிரச்சினையே இல்லை. வீடியோ ஓடும்போதும், பெரிய வரைபடத்தை உருட்டும்போதும்தான் அது கடிக்கும்.

தாமதம் வேறு விஷயம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். சர்வர் 3,000 கி.மீ. தள்ளி இருந்தால், போய்வர குறைந்தது 30 மில்லிநொடி. இடையில் உள்ள ரௌட்டர்கள், வைஃபை, வி.பி.என். (அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் மறைகுறியிட்ட பாதை) எல்லாம் சேர்ந்து அதை இரண்டு மூன்று மடங்காக்கும். அதன்மேல் சர்வர் செயலியை இயக்கும் நேரம், திரையைச் சுருக்கும் நேரம், கிளையன்ட் விரிக்கும் நேரம். போய்வரும் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டினால், தட்டச்சு செய்பவர் விரலுக்கும் திரைக்கும் உள்ள இடைவெளியை உணர ஆரம்பிப்பார். பணம் கொடுத்து அதிக எம்.பி.பி.எஸ். வாங்கினாலும் இது குறையாது. சர்வரைப் பயனருக்குப் பக்கத்தில் கொண்டுவருவது, அல்லது பாதையில் உள்ள சுற்றை அகற்றுவது, இந்த இரண்டுதான் மருந்து.

மூன்றாவது எதிரி பாக்கெட் இழப்பு, அதாவது அனுப்பும் டேட்டாத் துண்டுகள் வழியில் தொலைவது. ஆர்.டி.பி. தொடக்கத்தில் டி.சி.பி. (தொலைந்ததை மறுபடி அனுப்பி, வரிசை தவறாமல் சேர்க்கும் முறை) மட்டுமே பயன்படுத்தியது. டி.சி.பி.யில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் நிற்கும். அதோடு அனுப்பும் வேகத்தையும் டி.சி.பி. குறைத்துக்கொள்ளும். வழக்கமான கணக்கீட்டுச் சூத்திரப்படி, 100 மில்லிநொடி தாமதமும் 1 விழுக்காடு இழப்பும் உள்ள பாதையில் ஒரு டி.சி.பி. இணைப்புக்குச் சுமார் 1.4 எம்.பி.பி.எஸ்.தான் கிடைக்கும், கம்பி எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி. தாமதம் இரட்டிப்பானால் அதுவும் பாதியாகும். வைஃபை சிக்னல் மூலையில் தடுமாறும்போது திரை உறைந்து, பிறகு நாலைந்து காட்சிகள் சேர்ந்து பாய்ந்து வருவது இதனால்தான்.

இதற்காகத்தான் 2012-இல் வந்த ஆர்.டி.பி. 8.0-இல் யூ.டி.பி. (தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்திராத முறை) சேர்க்கப்பட்டது, சிட்ரிக்ஸிலும் இணையான வசதி உண்டு. ஆனால் நடைமுறையில் அடிக்கடி நடப்பது: ஃபயர்வாலில் டி.சி.பி.யை மட்டும் திறந்துவிட்டு யூ.டி.பி.யை மறந்துவிடுகிறார்கள். கிளையன்ட் எந்தப் புகாரும் சொல்லாமல் டி.சி.பி.க்கு இறங்கிவிடும். யாருக்கும் தெரியாது. விண்டோஸின் வழக்கமான ரிமோட் டெஸ்க்டாப் கிளையன்டில் முழுத்திரையில் மேலே வரும் பட்டையில் உள்ள சிக்னல் குறியை அழுத்தினால் யூ.டி.பி. செயல்படுகிறதா என்று அதுவே சொல்லும். மைக்ரோசாஃப்ட் கேட்வே வழியே போனால் திறக்க வேண்டியது யூ.டி.பி. 3391. சிட்ரிக்ஸில் உள்நெட்வொர்க் பக்கம் 1494, 2598 இரண்டுக்கும் டி.சி.பி., யூ.டி.பி. இரண்டும் வேண்டும்.

யூ.டி.பி. திறந்தபின் புதிதாக ஒரு கோளாறு தலைகாட்டலாம்: லாகின் ஆகும், உடனே கறுப்புத் திரை, அப்படியே நிற்கும். பெரும்பாலும் இது பாக்கெட் அளவுத் தகராறு. சாதாரண நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் 1,500 பைட் வரை போகலாம். வி.பி.என். தன் தலைப்பைச் சேர்ப்பதால் உள்ளே கிடைக்கும் இடம் குறைகிறது. பெரிய பாக்கெட்டுகள் வழியில் தொலைகின்றன. துண்டாக்காதே என்ற குறியோடு 1,472 பைட் பிங் (சோதனைப் பாக்கெட்) அனுப்பிப் பாருங்கள் (28 பைட் தலைப்போடு சேர்த்தால் 1,500). போகவில்லை என்றால் 10, 20 ஆகக் குறைத்து, எந்த அளவில் போகிறதோ அதோடு 28-ஐக் கூட்டி வரும் எண்ணை எம்.டி.யூ. (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) ஆக வையுங்கள்.

குற்றவாளி நெட்வொர்க்கா, சர்வரா?

இதைப் பிரித்தறியாமல் எதையும் மாற்றுவது வீண் வேலை. விண்டோஸ் சர்வர் 2019 முதல் "யூசர் இன்புட் டிலே" என்ற அளவுகோல் உண்டு. பயனரின் விசை சர்வருக்கு வந்து சேர்ந்த பிறகு, செயலி அதை எடுத்துக்கொள்ள எத்தனை மில்லிநொடி ஆனது என்று செஷன் வாரியாகக் காட்டும். பக்கத்திலேயே "ரிமோட்எஃப்எக்ஸ் நெட்வொர்க்" தொகுப்பில் டி.சி.பி., யூ.டி.பி. போய்வரும் நேரங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரு வேலைநாள் முழுக்கப் பதியுங்கள்.

- போய்வரும் நேரம் குறைவு, இன்புட் டிலே அதிகம்: சர்வரில் சி.பி.யூ. அல்லது வட்டு திணறுகிறது. ஒரு சர்வரில் ஏற்றிய பயனர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.
- போய்வரும் நேரம் அதிகம், இன்புட் டிலே குறைவு: பாதைதான் பிரச்சினை.
- இரண்டும் குறைவு, புகார் மட்டும் நிற்கவில்லை: செயலியே மெதுவாக இருக்கலாம். அதன் டேட்டாபேஸ் சர்வருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செயலி ஓர் ஊரிலும் டேட்டாபேஸ் இன்னோர் ஊரிலும் இருந்தால், ஒரு படிவத்தைத் திறக்க நூறு கேள்விகள் போய்வந்தாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தாமதம்.

சிறிய கோளாறுகள் இரண்டை இங்கேயே சொல்லிவிடலாம். வண்ண எழுத்துகளின் ஓரம் மங்கித் தெரிகிறது, குறிப்பாக வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, என்றால் கண்ணில் குறையில்லை. வீடியோச் சுருக்கத்தில் நிற விவரத்தைக் கால்பங்காகக் குறைக்கும் 4:2:0 முறை ஓடுகிறது. 4:4:4 முறைக்கு மாற்றினால் தெளியும், ஆனால் சர்வர் சுமையும் டேட்டாவும் கூடும். எழுத்தோடு உழைப்பவர்களுக்கு மட்டும் மாற்றினால் போதும். இன்னொன்று தமிழ்த் தட்டச்சு. கிளையன்ட் இயல்பாக அனுப்புவது விசையின் எண்ணைத்தான். அது எந்த எழுத்து என்பதை சர்வர் தீர்மானிக்கிறது. எனவே தமிழ் விசைப்பலகை சர்வரிலும் இருக்க வேண்டும்.

லாகினில் தொலையும் நிமிடங்கள்

நாளின் முதல் எரிச்சல் இங்கேதான். நேரத்தைத் தின்பவை பொதுவாக மூன்று: பெரிய ப்ரொஃபைலை சேமிப்பகத்திலிருந்து நகலெடுப்பது, எப்போதோ அகற்றப்பட்ட ஃபைல் சர்வரையோ பிரிண்டரையோ இணைக்க முயன்று காத்திருக்கும் பழைய லாகின் ஸ்கிரிப்டுகள், காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவதால் சேமிப்பகத்தில் வரும் நெரிசல்.

ப்ரொஃபைலை நகலெடுப்பதற்குப் பதில் ஒரு மெய்நிகர் வட்டுக் கோப்பாக இணைக்கும் முறை இப்போது வழக்கமாகிவிட்டது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய எஃப்.எஸ்.லாஜிக்ஸ் செய்வது அதைத்தான். நகல் இல்லாததால் லாகின் நேரம் கணிசமாகக் குறையும். ஆனால் இதற்கென்று ஒரு தொல்லை உண்டு: முந்தைய செஷன் வேறொரு சர்வரில் துண்டிக்கப்பட்ட நிலையில் இன்னும் உயிரோடு இருந்தால், வட்டுக் கோப்பு அங்கே பூட்டப்பட்டிருக்கும். புதிய செஷன் வெற்று ப்ரொஃபைலோடு திறக்கும் அல்லது திறக்காது. "என் ஃபைலெல்லாம் காணோம்" என்று அலறும் அழைப்புகளில் பல இந்த வகை. சர்வரில் உள்ள ஆன்டிவைரஸ் அந்த வட்டுக் கோப்பையே ஸ்கேன் செய்தாலும் லாகின் படுத்துவிடும். அந்த வட்டுக் கோப்புக்கு (வி.எச்.டி.எக்ஸ். வகை) மட்டும் விலக்குக் கொடுங்கள். அது இணைக்கப்பட்ட பின் உள்ளே உள்ள கோப்புகள் செஷனில் வழக்கம்போல் சோதிக்கப்படும், ஆகவே பாதுகாப்பு குறையாது.

கதவு: வெளியிலிருந்து உள்ளே

ஆர்.டி.பி.யின் 3389-ஆம் போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கக் கூடாது. வேறு எண்ணுக்கு மாற்றி வைப்பது பயன் தராது; தேடும் கருவிகள் எல்லாப் போர்ட்டுகளையும் தட்டிப் பார்க்கின்றன. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் (குறைகளின் பொதுப் பட்டியலில் சி.வி.இ-2019-0708) குறை, கடவுச்சொல் எதுவும் இல்லாமலே பழைய விண்டோஸ் கணினிகளைக் கைப்பற்ற வழி செய்தது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் சர்வர் 2003-க்கும்கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் (குறையை அடைக்கும் திருத்தம்) வெளியிட்டது என்றால் ஆபத்தின் அளவு புரியும். செஷன் தொடங்கும் முன்பே பயனரை அடையாளம் கேட்கும் என்.எல்.ஏ. அமைப்பு இருந்தால், முகம் தெரியாதவர் அந்த ஓட்டையைத் தொட முடியாது. சரியான கடவுச்சொல் கையில் உள்ளவரை அது தடுக்காது.

சரி, கேட்வே வைத்தாயிற்று. இப்போது தாக்குபவரின் கவனம் கேட்வே மேல். 2023 அக்டோபரில் செய்திகளில் அடிபட்ட சிட்ரிக்ஸ்பிளீட் (சி.வி.இ-2023-4966) பற்றிப் பலருக்குக் குழப்பம்: பேட்ச் போட்ட பிறகும் எப்படி நுழைந்தார்கள்? விடை டோக்கனில் இருக்கிறது. நாம் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கொடுத்து முடித்ததும் கேட்வே ஒரு டோக்கனைத் தருகிறது. அதன்பின் ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த டோக்கன்தான் அடையாளம். அந்தக் குறையால் நெட்ஸ்கேலர் என்ற சிட்ரிக்ஸ் கேட்வே கருவியின் நினைவகத்திலிருந்து டோக்கன்கள் கசிந்தன. டோக்கன் கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். பேட்ச், சுவரில் இருந்த ஓட்டையை அடைத்தது. ஏற்கெனவே உள்ளே வந்தவர் உள்ளேயே இருந்தார். அதனால்தான் பேட்ச் போட்டபின் எல்லா செஷன்களையும் அழிக்கச் சொன்னார்கள், அதைத் தவறவிட்டவர்கள் மாட்டினார்கள். 2025-இல் வந்த சி.வி.இ-2025-5777-உம் இதே இனம். கேட்வே பேட்ச் என்றால் இந்த வரிசை:

1. பேட்ச் போடுவது.
2. உயிரோடு உள்ள, துண்டிக்கப்பட்டு நிற்கும் எல்லா செஷன்களையும் முடிப்பது.
3. பேட்ச்சுக்கு முந்தைய நாட்களின் பதிவேடுகளில் ஒரே செஷன் இரண்டு ஐ.பி. முகவரிகளிலிருந்து வந்திருக்கிறதா என்று தேடுவது.

இரண்டாவது படி பயனர்களின் திறந்த வேலையைக் கலைக்கும் என்பதால் தள்ளிப்போடும் ஆசை வரும். முன்னறிவிப்புக் கொடுத்து அதே இரவில் முடித்துவிடுவதே சரி.

இரண்டாம் காரணி அங்கீகாரம் (கடவுச்சொல்லோடு ஓ.டி.பி. போன்ற இன்னொரு சான்றும் கேட்பது) பற்றி விவாதமே தேவையில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் முடங்கி, நாடு முழுக்க மருத்துவக் கட்டண வேலைகள் நின்றன. திருடப்பட்ட கடவுச்சொல்லோடு ஒரு சிட்ரிக்ஸ் தளம் வழியே நுழைந்தார்கள், அந்தத் தளத்தில் இரண்டாம் காரணி இருக்கவில்லை என்று தாய் நிறுவனமான யுனைடெட் ஹெல்த் குழுமத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் கூறினார். உள்ளே நுழைந்தது பிப்ரவரி 12. கோப்புகள் பூட்டப்பட்டது 21. ஒரு தளம் விடுபட்டால் போதும்.

எத்தனை முறை கேட்பது என்பதில்தான் அனுபவமும் பாதுகாப்பும் சந்திக்கின்றன. கேட்வேயில் ஒருமுறை, சர்வரில் ஒருமுறை, செயலிக்குள் ஒருமுறை என்று கேட்டால், மனிதர்கள் வரும் அறிவிப்பையெல்லாம் பார்க்காமலே "சரி" அழுத்தப் பழகிவிடுவார்கள். தாக்குபவர் அறிவிப்புகளைத் தொடர்ந்து அனுப்பித் தொல்லை செய்வது இந்தப் பழக்கத்தை நம்பித்தான். எனவே கேட்வேயில் ஒரே முறை, ஆனால் பலமாக: திரையில் காட்டும் எண்ணை ஃபோனில் உள்ளிடும் முறை, அதைவிட மேலாக ஃபிடோ2 சாவி (கடவுச்சொல்லுக்குப் பதில் கையில் வைத்திருக்கும் பாதுகாப்புச் சாவி). உள்ளே சர்வருக்கும் செயலிக்கும் அந்த அடையாளமே கடந்து செல்ல வேண்டும். நிர்வாகிக் கணக்குக்கு மட்டும் மறுபடி கேளுங்கள்.

உள்ளே வந்த பிறகு

ஒரு செயலியை மட்டும்தானே வெளியிட்டிருக்கிறோம், பயனர் வேறெதையும் தொட முடியாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது தவறு. தெரிவது ஒரு ஜன்னல் என்றாலும் பின்னால் இருப்பது முழு விண்டோஸ் செஷன். செயலியில் "ஃபைல், ஓப்பன்" அழுத்துங்கள். வரும் பெட்டியின் முகவரிப் பட்டையில் சி.எம்.டி. என்று தட்டி என்டர் அழுத்தினால் கறுப்புக் கட்டளை ஜன்னல் பல இடங்களில் திறந்துவிடும். உதவிப் பக்கத்தின் இணைப்பு, பிரிண்ட் பெட்டி, எக்செலின் மேக்ரோ என்று வழிகள் நிறைய. ஆகவே ஆப்லாக்கர் அல்லது அதற்கு இணையான அனுமதிப் பட்டியலை வைத்து, தேவையான நிரல்கள் மட்டும் ஓடும்படி செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் ஓடவிட்டு, எதெல்லாம் தடைபட்டிருக்கும் என்று பார்த்துவிட்டு இறுக்குவது நல்லது. நேரடியாக இறுக்கினால் கணக்கு மென்பொருளின் அப்டேட் நிரல் நின்றுபோய், மறுநாளே முழு விதியையும் யாராவது அகற்றச் சொல்வார்கள்.

க்ளிப்போர்டு, உள்ளூர் வட்டு, பிரிண்டர் ஆகியவை செஷனுக்கும் நம் கணினிக்கும் இடையே உள்ள குழாய்கள். அவற்றை முழுதாக மூடினால் மக்கள் கோப்புகளைத் தனிப்பட்ட மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வார்கள். நிலைமை இன்னும் மோசம். திசை பார்த்து மூடுங்கள்: கணினியிலிருந்து செஷனுக்குள் எழுத்தை ஒட்டலாம், செஷனிலிருந்து கோப்பை வெளியே எடுக்க முடியாது. வட்டு இணைப்பை அணைத்துவிட்டு, வைரஸ் சோதனையோடு கூடிய ஒரு பதிவேற்ற வழி கொடுங்கள். திரைப்பிடிப்பைத் தடுக்கும் வசதியும் உண்டு. ஃபோன் கேமராவை அது என்ன செய்யும்? அதற்குப் பயனர் பெயரைத் திரையில் மங்கலாக அச்சிடும் நீர்க்குறிதான் ஓரளவு தடை.

குழாய் இரு பக்கமும் ஓடும். 2024 அக்டோபரில் மிட்நைட் பிளிசார்ட் என்ற குழு ஆர்.டி.பி. அமைப்புக் கோப்புகளை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியதை மைக்ரோசாஃப்ட் வெளிப்படுத்தியது. கோப்பைத் திறந்தால் பயனரின் கணினி தாக்குபவரின் சர்வரோடு இணைந்து, உள்ளூர் வட்டையும் க்ளிப்போர்டையும் அங்கே திறந்துவிடும். அந்தக் கோப்புகளில் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பமும் இருந்தது. மின்னஞ்சலில் இவ்வகை இணைப்பைத் தடுப்பது, வெளியே போகும் ஆர்.டி.பி.யை ஃபயர்வாலில் நிறுத்துவது இரண்டும் சில நிமிட வேலை.

நேரக்கெடு எவ்வளவு?

இங்கே மூன்று தனி விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறார்கள்: திரைப்பூட்டு, துண்டிப்பு, வெளியேற்றம். திரைப்பூட்டில் வேலை அப்படியே இருக்கும், அடையாளம் மட்டும் மறுபடி கேட்கும். துண்டிப்பில் இணைப்பு போகும், செஷன் சர்வரில் இருக்கும். வெளியேற்றத்தில் சேமிக்காதது போய்விடும். 15 நிமிடம் அசைவில்லை என்றால் வெளியேற்றம் என்று வைத்த இடங்களில், மவுஸை ஆட்டும் கருவியை வாங்கி வைக்கிறார்கள். பூட்டே இல்லாத திரைதான் மிச்சம். 10 முதல் 15 நிமிடத்தில் பூட்டு, ஓரிரு மணி நேரத்தில் துண்டிப்பு, துண்டித்த பின் சில மணி நேரம் கழித்து வெளியேற்றம் என்று படிப்படியாக வைத்தால் உணவு இடைவேளைக்குப் போனவர் வேலையை இழக்க மாட்டார். இரவெல்லாம் யாருமற்ற செஷன்கள் நினைவகத்தைத் தின்று ப்ரொஃபைல் வட்டைப் பூட்டி வைத்திருக்கவும் மாட்டா. கேட்வே டோக்கனின் ஆயுளை ஒரு வேலைநாளுக்கு மேல் நீட்ட வேண்டாம்.

வெளியார் கணக்குகள்

இவ்வளவு செய்தும் விடுபடுவது, மென்பொருளைப் பராமரிக்க வரும் வெளி நிறுவனத்தாரின் கணக்கு. ஒரே கணக்கை அங்கே பலர் பகிர்கிறார்கள்; ஓ.டி.பி. யாருக்குப் போவது என்ற சிக்கலால் இரண்டாம் காரணியிலிருந்து விலக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த விலக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒவ்வொரு நபருக்கும் தனிக் கணக்கு கொடுத்து, இயல்பு நிலையில் அதை முடக்கி வையுங்கள். வேலை வரும்போது உள்ளே இருக்கும் ஒருவர் திறந்துவிட வேண்டும். நான்கு மணி நேரத்தில் அது தானாக முடங்க வேண்டும். அந்தக் கணக்குக்கு வெளியிடப்படுவது அவர்கள் பராமரிக்கும் அந்த ஒரு சர்வர் மட்டும். செஷனைக் காணொளியாகப் பதிந்துவைத்தால், மறுநாள் ஏதாவது ஓடாதபோது என்ன மாற்றினார்கள் என்று பார்ப்பதற்கும் அது உதவும்.